வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி

"ஹலோ... ஹலோ, சத்தி? டேய், கட் பண்ணாத, நான்தான்... ஆமா, அவினாஷ்தான்... ஆமா, ஆமா, காரியம் இருந்தாத்தான் கூப்பிடுவேன், ஒத்துக்கறேன். திட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல இதைச் சொல்லு. ஒரு வட்டம் போட்டு, உள்ள பெருக்கல் குறி போட்டிருக்கியே, அது என்ன?... சிரிக்காதடா. வாத்தியார் தப்புப் போட்டுத் திருத்தின பேப்பர் மாதிரி வீடு பூரா அதுதான் இருக்கு... லைட்டா? எல்லாமே லைட்டா?... சரி. சரி, சரி. லைட்."

கோதாவரிப் பக்கத்து மண்டபேட்டையில் கொண்டலராவு கட்டிக்கொண்டிருந்த வீட்டின் உச்சியில், கான்கிரீட்டுக்கு அடித்த சென்ட்ரிங் தகடுகளின் மேல் பின்னிக் கிடந்த கம்பிகளுக்கு நடுவே, ஒரு காலை ஒரு கட்டத்திலும் மறு காலை அடுத்த கட்டத்திலும் ஊன்றி நின்றிருந்தான் அவினாஷ். ஒரு கையில் போன். மறு கையில் போர்வை அளவுக்கு ஒரு தாள். எந்த இடத்தில் லைட், எந்த இடத்தில் ஃபேன், எந்த ஸ்விட்ச் எதை எரிய வைக்கும் என்பதெல்லாம் குறிகளாக அதில் வரையப்பட்டிருந்தன. வரைந்தவர் யார் என்பதும் மூலையில் கொட்டை எழுத்தில் இருந்தது: கே. அவினாஷ், பி.டெக். ஆனால் அது தாளோடு அச்சானதல்ல. தனியாக அச்சடித்து, வெட்டி, பசை தடவி ஒட்டியது.

உண்மையில் வரைந்தவன் ஹைதராபாத்தில் உட்கார்ந்து போனில் சிரித்துக்கொண்டிருந்தான். கல்லூரிக் காலம் முழுக்க அவினாஷின் வரைபடத் தாள்களை எல்லாம் மிளகாய் பஜ்ஜிக்கு வரைந்து கொடுத்த சத்திபாபு இதையும் வரைந்து கொடுத்திருந்தான். பஜ்ஜி இன்னும் போய்ச் சேரவில்லை.

"என்னது?... உன் பேரா? மூலையில இருக்கான்னா? இருக்குடா. அப்படியே இருக்கு. அதுக்கு என்ன கேடு... அட்டவணையா? எந்த அட்டவணை?... ஓ, உன் பேருக்குப் பக்கத்துலயே எல்லாக் குறிக்கும் அர்த்தம் எழுதியிருக்கியா... அதைப் பாக்க முடியாதுடா... ஏன்னா... வெயிலு. கண்ணு கூசுது. நீ வாயால சொல்லேன், கொறைஞ்சா போயிடுவே?"

பி.டெக். என்பதைச் சற்றுப் பெரிதாகவே அச்சடித்துவிட்டான். அதன் அடியில் சத்திபாபுவின் பேரோடு அந்த அட்டவணையும் போய்ப் படுத்துவிட்டது.

கொண்டலராவுக்கு பி.டெக். என்றாலே ஒரு கசப்பு. அவருடைய அண்ணன் வீட்டு மாப்பிள்ளைகள் அத்தனை பேரும் பி.டெக். கரண்ட் போனால் அத்தனை பேரும் ஒன்றாக வாசலுக்கு வந்து, பக்கத்து வீட்டிலும் போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். போயிருந்தால் நிம்மதியாக உள்ளே போய்விடுவார்கள். அதனால் தன் மகள் ஹிமபிந்துவைக் கேட்டு அவினாஷ் வந்து நின்றபோது அவர் ஜாதகம் கேட்கவில்லை. தன் புது வீட்டுக்கு லைட் ப்ளான் கேட்டார். சொந்தக் கையால் வரைய வேண்டும். கான்கிரீட் போடும் நாளன்று கூடவே நின்று, எல்லாவற்றையும் சரியாக உட்கார வைக்க வேண்டும். உட்கார்ந்தால் அன்று சாயங்காலமே நிச்சய தாம்பூலம். உட்காராவிட்டால், அமலாபுரத்தில் பி.காம். படித்த பையன் ஒருவன் இருக்கிறான்.

அந்த நாள்தான் இன்று. கீழே கலவை மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. எலக்ட்ரீஷியன் நூக்கராஜு தாளைப் பார்த்துப் பார்த்து, டேப் வைத்து அளந்து, ஒவ்வொரு குறிக்கும் தகட்டுச் சந்தில் ஒரு ஆணியை இறக்கிக்கொண்டிருந்தார். கொண்டலராவு கீழே அறை அறையாக நடந்து, அண்ணாந்து, ஆணி முனை எங்கே எட்டிப் பார்க்கிறது என்று சோதித்துக்கொண்டிருந்தார். மேலே நிற்பவனுக்குத் தகடுதான் தெரியும். தகட்டுக்கு அடியில் எந்த அறை என்பது கீழே நிற்பவருக்குத்தான் தெரியும்.

"சரி, அடுத்தது. எட்டு நம்பர் படுத்துத் தூங்கற மாதிரி ஒண்ணு... ஃபேனா? ஓ, ரெண்டு பக்கமும் ரெக்கை. அப்படிச் சொல்லு. கரெக்ட், இப்ப பாத்தா ஃபேன் மாதிரிதான் இருக்கு... இரு, ஒரு நிமிஷம்... ஆங், மாமா! சொல்லுங்க மாமா!... எங்க?... பாத்ரூம்லயா?... ஆமா மாமா, ஃபேன்தான். நடுப்பாத்ரூம்லதான்... மறதியெல்லாம் இல்ல மாமா, யோசிச்சுத்தான் போட்டேன்! ஹைதராபாத்துல இப்பப் பெரிய வீடு கட்டறவங்க எல்லாம்... இல்ல மாமா, நீங்களே சொல்லுங்க, சித்திரை மாசம் உள்ள போய் உக்காந்தா எப்படி வேர்க்குது?... ஆங்... அதான் மாமா. அதேதான்!"

போனை வாய்க்குள் திணித்துக்கொள்வதுபோல் கிட்டே கொண்டுவந்தான்.

"டேய் பாவி, கக்கூசுக்கு மேல ஃபேன் போட்டிருக்கியேடா!... நீ போடலையா? அப்ப நூக்கராஜு அண்ணன் கனவு கண்டாரா? உன் தாள்ல இருக்கிற இடத்துலதான் ஆணி அடிச்சாரு... இல்ல, மாமா கத்தலை. அதுதான்டா பயமா இருக்கு. பிடிச்சுப் போச்சாம். உக்காந்து யோசிக்கறாரு... ஆமா, நெஜமாவே உக்காந்துட்டாரு, சிமெண்ட் மூட்டை மேல."

தகட்டின் மேல் இன்னொரு ஆணி இறங்கியது.

"சத்தி, சீக்கிரம். வட்டத்தைச் சுத்தி கதிர் கதிரா, சூரியன் மாதிரி ஒண்ணு... தொங்கற சரவிளக்கா? ஹாலுக்கா? நல்லது. ஹால்ல சரவிளக்கு, ராஜா வீடு மாதிரி... இரு... மாமா!... எங்க வந்துருக்கு?... அடுப்பு மேடைக்கு மேலயா... ஆமா, சரவிளக்கு மாமா... அது வந்து... கோங்கூரா கீரைப் பச்சடி நெறம் சரியா தெரிய வேணாமா? மங்கின வெளிச்சத்துலதான் உப்பு கூடிப் போகுது மாமா... அத்தை என்ன சொல்றாங்க?... ஒட்டடை யாரு அடிப்பாங்கன்னு கேக்கறாங்களா? நான் அடிக்கறேன் மாமா! வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து நானே அடிக்கறேன்!"

தன் வாழ்நாளின் வெள்ளிக்கிழமைகளை எல்லாம் ஒரே வாக்கியத்தில் தாரைவார்த்துவிட்டு, மறுபடி போனுக்கு வந்தான்.

"அறைப் பேரு எழுதியிருந்தா என்னடா உனக்கு? ஹால்னு ரெண்டு எழுத்து... எழுதினா கோட்டோட அழகு கெட்டுப் போயிடுமா? அட கலைஞா! உனக்கு ஒரு கோயில் கட்டணும். அதுக்கும் நீயே ப்ளான் போடு, மூலவருக்கு மேல பாத்ரூம் வரட்டும்... சரி சரி, கோவிச்சுக்காத. வெச்சுடாத, ப்ளீஸ். நீ கலைஞன்தான். ஆமா, ஆமா. இப்ப சொல்லு, சின்னப் புள்ளியில இருந்து ஒரு வால் வளைஞ்சிருக்கு... ஸ்விட்ச். புள்ளிக் கோடு அதுல இருந்து லைட்டுக்குப் போறது... எந்த ஸ்விட்ச் எந்த லைட்டுக்குன்னு காட்டுதா? அட, நல்லா இருக்கே இது! நான் எறும்பு ஊர்ற வழின்னு நெனச்சேன்... ரெண்டு வால் இருந்தா?... ஒரே லைட், ரெண்டு இடத்துல ஸ்விட்ச். எங்கே போட்டாலும் எரியும், எங்கே வேணா அணைக்கலாம். மாடிப்படிக்குக் கீழ ஒண்ணு, மேல ஒண்ணு... சரி... அப்புறம் படுக்கையறையிலயா?... எதுக்கு?... ஓ... கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம்... டேய், போதும்டா. வெக்கமா இருக்கு. வெயில்ல நிக்கறேன், ஏற்கனவே சிவந்துதான் கெடக்கேன்."

அடுத்த ஆணி ஒன்று, சுவரின் தலையிலேயே முட்டி வளைந்தது. நூக்கராஜு வளைந்த ஆணியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கடைசியாக பி.டெக்.கைப் பார்த்தார். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பீடி பற்ற வைத்தார். அவினாஷுக்கு அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"மாமா, என்ன?... சத்தமா சொல்லுங்க, மிஷின் சத்தத்துல... சாமி ரூம்லயா?... ஒரு லைட்டும் இல்லையா?... அது... சாமிக்கு எதுக்கு மாமா லைட்டு? அவரே ஜோதி சொரூபம்தானே..."

கீழே கலவை மிஷினை யாரோ நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

"சத்தி... சத்தி, நான் செத்தேன்டா. ஜோதி சொரூபம் எடுபடலை... நல்ல வசனம்தான், யாரு இல்லன்னா? ஆளு சரியில்ல... ஏறி வர்றாருடா. சாரத்து ஏணி கிறீச்சுங்குது. கனமான ஆளு வேற, மெதுவாத்தான் வருவாரு. அதுக்குள்ள ஏதாவது சொல்லு... குதிக்கவா? எந்தப் பக்கம் குதிக்கறது? உன் ப்ளான்படி குதிச்சா நேரா கெணத்துல விழுவேன்... சிரிக்காதடா. தாம்பூலத் தட்டு வந்துடுச்சு. பூதரேக்குலு ஸ்வீட்டு டப்பா டப்பாவா வந்து எறங்கியிருக்கு. எங்க அம்மா பட்டுப் புடவைக்கு இஸ்திரி போட்டுட்டு உக்காந்திருக்கா. இவரு மேல வந்து, 'தம்பி, இதை யாரு வரைஞ்சது'ன்னு ஒரு வார்த்தை கேட்டா, சாயங்காலம் அந்த பூதரேக்குலுவை அமலாபுரம் பி.காம். தின்னுவான்டா!"

மறுபக்கத்துப் படியில் ஹிமபிந்து ஏறி வந்தாள். கையில் மோர்ச் சொம்பு, தோளில் கைப்பை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் அவள். எழுத்தை இடவலமாகத் திருப்பிப் போடும் குழந்தைகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவள். கோதாவரிக் காற்று ஒரு வீச்சில் தாளைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. அவள் சொம்பை வைத்துவிட்டு ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தாள். அவினாஷுக்கு முதுகில் வெயில். அவளுக்கு முகத்தில் வெயில். நடுவே பாய்மரம் மாதிரி விரிந்து நின்றது தாள்.

அவள் அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னாள்.

"என்ன பிந்து?... அங்கேருந்து பாத்தா சரியா இருக்கா? எது சரியா இருக்கு?... சரவிளக்கு ஹாலுக்கு வருதா? எப்படி வரும், நான் இங்க பாத்தா அடுப்பு... இருங்க, அசையாதீங்க. அப்படியே பிடிச்சுக்குங்க. நான் வர்றேன்... சத்தி, லைன்ல இரு."

கம்பிக் கட்டங்களைத் தாண்டித் தாண்டி அவள் பக்கம் போய் நின்றான். தாளை ஊடுருவி வெயில் அடித்தது. கோடுகளும் வட்டங்களும் பின்பக்கத்தில் பளிச்சென்று தெரிந்தன. கிழக்கில் இருந்ததெல்லாம் மேற்கே, மேற்கில் இருந்ததெல்லாம் கிழக்கே. ஃபேன் பாத்ரூமை விட்டுப் படுக்கையறைக்கு நகர்ந்திருந்தது. சரவிளக்கு ஹாலின் நடுவில் ஜம்மென்று தொங்கியது. சாமி அறையில் ஒரு வட்டம், உள்ளே பெருக்கல் குறி.

"சத்தி! டேய் சத்தி! நீ வரைஞ்சப்ப சமையலறை எந்த மூலை?... தென்மேற்கா? நல்லா யோசிச்சுச் சொல்லு... பிந்து, இங்க சமையலறை எந்த மூலை?... தென்கிழக்கா! எப்ப மாறுச்சு?... யாரு, சித்தாந்தி காருவா? வாஸ்து பாக்க வந்தவரா?... அடுப்பு அக்னி மூலையிலதான் இருக்கணும்னு... அடுப்பை மட்டும் நகத்த முடியாதுன்னு... வீட்டையே தோசை மாதிரி திருப்பிப் போட்டுட்டாரா! எனக்கு ஏன் யாரும்... சொன்னீங்களா? எப்ப?... ஆமா, போன்ல சொன்னீங்க. ஆமா, 'ம்'னு சொன்னேன். அப்ப நீங்க பேசற குரலைத்தான் கேட்டுட்டு இருந்தேன், விஷயத்தைக் கேக்கலை... சத்தி, நீ கலைஞன்டா! உன் மேல தப்பே இல்ல! வீடுதான் தப்பு! கோயில் கட்டறேன்டா உனக்கு!"

இந்த ஆனந்தத்தில் அவன் ஒன்றைக் கவனிக்கவில்லை. வெயில் குறிகளை மட்டும் காட்டவில்லை. மூலையில் ஒட்டிய சீட்டையும் ஊடுருவி அடித்தது. அதன் அடியில் படுத்திருந்த அட்டவணை வரி வரியாக எழுந்து நின்றது. அதற்குப் பக்கத்தில், இடவலமாகத் திரும்பி, ஆனால் ஒன்றாம் வகுப்பு டீச்சர் பிசகில்லாமல் படிக்கக்கூடிய மாதிரி, 'வரைந்தவர்: பி. சத்திபாபு' என்று இருந்தது.

ஹிமபிந்து படித்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"பிந்து... அது வந்து... அச்சுப் பிழை... இல்ல. பிழை இல்ல." குரல் தானாகவே இறங்கிவிட்டது. "ஃப்ரெண்டு. காலேஜ் ஃப்ரெண்டு... ஆமா. முழுக்க அவன்தான்... இப்ப போன்ல இருக்கறதும் அவன்தான்... இல்ல, எனக்கு ஒண்ணும் தெரியாது. காலையில வரைக்கும் தெரியாது. இப்ப கொஞ்சம் தெரியும்... நெஜமாத்தான்."

ஏணியின் உச்சியில் முதலில் கொண்டலராவின் துண்டு தெரிந்தது, பிறகு மீசை, பிறகு முழு ஆளும் மூச்சு வாங்கிக்கொண்டே வந்து நின்றார்.

அவினாஷ் சட்டென்று கட்டைவிரலை மூலையில் வைத்தான். கட்டைவிரல் 'பி'யை மறைத்தது. 'சத்திபாபு' தாராளமாக வெளியே இருந்தான்.

"மாமா, வாங்க மாமா. கண்டுபிடிச்சுட்டேன். ப்ளான்ல தப்பில்ல, வீட்டைத் திருப்பிட்டாங்க. இதோ, இந்தப் பக்கம் வந்து, வெயிலுக்கு நேரா பாருங்க... பக்கத்துல வர வேணாம் மாமா, அங்கேருந்தே நல்லாத் தெரியும்... பாருங்க, ஹாலு. சரவிளக்கு. அதோ கதிர் கதிரா இருக்கே, அதான். இது படுத்த எட்டு, ஃபேன். புள்ளியில வால் வெச்சிருந்தா ஸ்விட்ச். புள்ளிக் கோடு எந்த ஸ்விட்ச் எந்த லைட்டுக்குன்னு சொல்லும்... சாமி ரூமா? இதோ மாமா, வட்டத்துக்குள்ள பெருக்கல் குறி. லைட்... ஆமா, ஆமா. சாமிக்கு லைட் உண்டு. அப்ப சொன்னதை மறந்துடுங்க."

கொண்டலராவு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நூக்கராஜு பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்து, அவரும் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டே ஆணிகளைப் பிடுங்கி மாற்றி அடிக்கப் போனார். கொண்டலராவின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. அண்ணன் வீட்டு மாப்பிள்ளைகளை எல்லாம் வரிசையாக நிற்கவைத்து மனசுக்குள் சிரிப்பவர் போல மீசையைத் தடவினார். பிறகு ஆசையாக மூலைப் பக்கம் குனிந்தார். வருங்கால மருமகனின் பேரை வெயிலில் பார்க்க வேண்டுமாம்.

"வேணாம் மாமா, பேருல என்ன இருக்கு... அடக்கமெல்லாம் இல்ல மாமா..."

அப்போது வளையல் சத்தம் கேட்டது. ஹிமபிந்து காற்றுக்குத் தாளை இறுக்கிப் பிடிப்பதுபோல் உள்ளங்கையை விரித்து மூலை முழுவதையும் மூடிக்கொண்டாள். சீட்டு, பேர், அட்டவணை, அவினாஷின் கட்டைவிரல், எல்லாம் அதற்குள் அடக்கம். அப்பாவிடம் ஏதோ சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, கலவை மிஷினை ஓட்டச் சொல்லக் கைதட்டிக்கொண்டே அந்தப் பக்கம் போனார்.

"சத்தி... இருக்கியா?" மூக்கை உறிஞ்சினான். "இல்லடா, அழலை. சிமெண்ட் தூசி... ஆங், பிந்து? இதுவா? ரெண்டு வால் வெச்ச புள்ளியா?... இரு, சத்தி, நீ சொல்லாத. எனக்கே தெரியும்... ஒரே லைட், ரெண்டு ஸ்விட்ச். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு... இந்தப் பக்கம் ஒண்ணு. யாரு வேணா போடலாம், யாரு வேணா அணைக்கலாம்... சரிதானே?... ஆமா, கல்யாணத்துக்குள்ள மத்ததையும் படிச்சுடறேன்... பரீட்சை வெச்சுக்குங்க... தோத்தா மறுபடி ஒண்ணாங்கிளாஸா? சரி."

"டேய், என்ன கேட்டே?... உன் பேரா? தெரியுதுடா. வெயிலுக்கு நேரா பிடிச்சா பளிச்சுன்னு தெரியுது... ஏன் வெயிலுக்கு நேரா பிடிக்கணுமா? அது... மேல ஒரு சின்னச் சீட்டு... சின்னதுதான்டா... என் பேரு... பி.டெக். கொஞ்சம் பெருசா... சத்தி, கேளு. உனக்கும் எனக்கும் என்ன கணக்கு... பஜ்ஜி வாங்கித் தர்றேன்டா, கடையையே... ஒரு நிமிஷம், மாமா கூப்பிடறாரு... சொல்லுங்க மாமா!... பாத்ரூம் ஃபேனா? எடுத்துடலாம் மாமா... வேணுமா? இருக்கட்டுமா? சரி மாமா, இருக்கட்டும்... இன்னும் என்ன மாமா?... பிந்துவோட பெரியப்பா வீட்டுக்கா? மூணு மாடியா?... ப்ளான்தானே, போட்டுடலாம் மாமா, ஹைதராபாத் போய் நிதானமா... இப்பவா? இங்கேயேவா? பெரியப்பா கீழ வந்து நிக்கறாரா?... மாப்பிள்ளைங்க எல்லாரும் கூடவா?... சத்தி! சத்தி, கோவத்தை அப்புறம் வெச்சுக்கலாம், வெச்சுடாதடா, மூணு மாடி! சத்தி?... ஹலோ?... ஹலோ?..."

சத்திபாபு போனை வைத்துவிட்டான்.

ஹிமபிந்து கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்து, கூர் பார்த்து நீட்டினாள். அவினாஷ் கீழே இறங்கி, சிமெண்ட் மூட்டையின் மேல் அந்தத் தாளை விரித்து, ஒரு வட்டம் போட்டான். அதற்குள் ஒரு பெருக்கல் குறி போட்டான். அது லைட். அதுவரைக்கும் தெரியும்.